முன்னாள் படைவீரர் தொழில்கடன்: மானியம் எங்கே நழுவுகிறது? அனுபவப் பகிர்வு

எக்ஸ்-சிக்னல்ஸ், விருதுநகர்:
பி.எம்.இ.ஜி.பி. (புதுத் தொழில் தொடங்க வங்கிக் கடனோடு மானியமும் தரும் மத்திய அரசுத் திட்டம்) விண்ணப்பத்தில் நம்ம ஆட்கள் சறுக்குகிற முதல் இடம் ‘சிறப்புப் பிரிவு’ கட்டம். முன்னாள் படைவீரர் என்று குறிக்காமல் பொதுப் பிரிவிலேயே அனுப்பிவிடுகிறார்கள். கிராமத்தில் 20 லட்ச ரூபாய்க்கு மரச்செக்கு எண்ணெய் யூனிட் என்று வையுங்கள். பொதுப் பிரிவில் கைக்காசு 10%, அதாவது 2 லட்சம். மானியம் 25%, 5 லட்சம். நமக்குக் கைக்காசு 1 லட்சம் போதும், மானியம் 35%, 7 லட்சம். (நகர்ப்புறமானால் நமக்கு 25%.) டிஸ்சார்ஜ் புக்கில் (படைப்பணி விடுவிப்புச் சான்று) அப்பா பெயர் முழுசாகவும் ஆதாரில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் வங்கியில் நிற்கும். விண்ணப்பத்துக்கு முன்னாலேயே சரி செய்துகொள்ளுங்கள்.

வங்கி ஓய்வு, மதுரை:
அந்த 7 லட்சம் கைக்கு வராது. மூன்று வருடம் உங்கள் பெயரில் டெபாசிட்டாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது. கடனில் அதே அளவு தொகைக்கும் வங்கி வட்டி போடக்கூடாது. ஆக கைக்காசு 1 லட்சம் போக மீதி 19 லட்சம் கடனில் வட்டி 12 லட்சத்துக்குத்தான். ஸ்டேட்மென்ட்டில் இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

முக்கியமான ஆபத்து சி.சி. கணக்கில் (கேஷ் கிரெடிட்: நடைமுறை மூலதனத்துக்காக ஒரு லிமிட் வரை எடுத்து எடுத்துக் கட்டும் கடன்). கடன் பிடிக்காத பழக்கத்தில் பலர் பென்ஷன் பணத்தைப் போட்டு சி.சி.யைத் தொடாமலே தொழிலை ஓட்டுகிறார்கள். நேர்மையான மனிதர்கள்தான், ஆனால் விதி வேறு. அந்த மூன்று வருடத்தில் ஒருமுறையாவது லிமிட் முழுசையும் எடுத்திருக்க வேண்டும், சராசரிப் பயன்பாடு 75%க்குக் குறையக்கூடாது. லிமிட் 4 லட்சமென்றால் சராசரி 3 லட்சம். குறைந்தால் அதற்கேற்ற மானியம் திரும்பப் போய்விடும். அவ்வளவு சுழற்சி வராது என்று தெரிந்தால் திட்ட அறிக்கையிலேயே நடைமுறை மூலதனத்தைக் குறைத்துப் போடுங்கள்.

சிவகாசி பிரிண்டர்:
தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1 கோடி வரை கடன், 30% மூலதன மானியம், 3% வட்டி மானியம். பி.எம்.இ.ஜி.பி.யில் திட்ட மதிப்புக்கு உச்சவரம்பு உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம். இரண்டையும் ஒரே யூனிட்டுக்கு வாங்க முடியாது. வேறு அரசு மானியம் பெற்ற யூனிட்டை பி.எம்.இ.ஜி.பி. ஏற்காது. ஏற்கெனவே ஓடுகிற தொழிலுக்கும் கிடையாது. அதனால் சாங்ஷன் வருமுன் மெஷின் வாங்கி உற்பத்தியைத் தொடங்கிவிடாதீர்கள். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது, ஷெட் வாடகையை மூன்று வருடம் வரை சேர்க்கலாம்.

நாயக், தேனி:
வீட்டுக்காரம்மா பெயரில் இன்னொன்று போடலாமா அண்ணே?

சிவகாசி பிரிண்டர்:
முடியாது தம்பி. கணவன் மனைவி ஒரே குடும்பக் கணக்கு, குடும்பத்துக்கு ஒரு யூனிட்தான். பெண்களும் சிறப்புப் பிரிவுதான்; அவங்க பெயரில் போட்டாலும் அதே 35%. தொழிலை யார் கவனிக்கப் போறீங்களோ அவங்க பெயரில் போடுங்க.

எக்ஸ்-சிக்னல்ஸ், விருதுநகர்:
ஈ.டி.பி. (தொழில்முனைவோர் மேம்பாடு) பயிற்சியையும் தள்ளிப் போடாதே தம்பி. அதை முடித்தால்தான் வங்கி மானியத்தைக் கேட்டு அனுப்பும்.