சூடு ஏறுனா நின்னுபோற 84 மாடல் புல்லட்: என்னவா இருக்கும்?

வெண்ணாறு:
அண்ணன்மாரே, வண்டி புல்லட் 350, அப்பா ஓட்டுனது. வலது கால் கியர், பாயிண்ட் இக்னிஷன் (ரெண்டு உலோக முனை மூடித் திறக்குறப்போதான் பிளக்ல பொறி வரும்), எதையும் மாத்தல. தஞ்சாவூர்ல ஒரே உதையில ஸ்டார்ட் ஆகி பாபநாசம் வரைக்கும் நல்லா வருது. கும்பகோணம் நெருங்குறப்போ இருமிட்டு நின்னுடுது. டீ குடிச்சுட்டு வந்து உதைச்சா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. கார்புரேட்டர் கழுவியாச்சு, பிளக் புதுசு. மெக்கானிக் இன்ஜினை இறக்கணும்ங்கிறார். பூநாரை சீசன் முடியறதுக்குள்ள கோடியக்கரை போகணும்.

பழைய இரும்பு:
பெட்ரோல்தான். இப்போ வர்றதுல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பரெல்லாம் ஊறிப்போகுது.

குடந்தைக்காரன்:
ரப்பர் ஊறும், வாஸ்தவம். ஊறுன ரப்பர் டீ குடிக்கிற நேரத்துல சரியாகுமா? தம்பி, இன்ஜின்ல கை வைக்க விடாதீங்க. அடுத்து நின்னதும் உடனே டேங்க் மூடியைத் திறங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள போய் வண்டி எடுத்துக்கிச்சுன்னா, மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு.

இல்லேன்னா சாவியைப் போட்டு, லைட்டை அணைச்சுட்டு, கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே அம்மீட்டரை, அதான் கரண்ட் காட்டுற மீட்டரைப் பாருங்க. முள் மைனஸ் பக்கம் சாஞ்சு, பாயிண்ட் திறக்குறப்போ நடுவுக்கு வரணும். அசையவே இல்லேன்னா பாயிண்ட் அழுக்கு, இல்ல வயர், சாவி, காயில்ல (பிளக் பொறிக்கு வோல்டேஜ் ஏத்துறது) எங்கயோ கட். மைனஸ்லயே ஒட்டிக்கிட்டா கண்டென்சர் (பாயிண்ட்ல பொறி பறக்காம தடுக்குற சின்ன டப்பா) ஷார்ட், இல்ல பாயிண்ட் திறக்கல. முள் ஒழுங்கா ஆடியும் பிளக்ல பொறி மஞ்சளா, நோஞ்சானா இருந்தா, பாயிண்ட் மூடியைக் கழட்டிட்டு உதைச்சுப் பாருங்க. அங்க பொறி பறந்தா கண்டென்சர்தான். சூட்டுல சாகும், ஆறுனா பொழைக்கும்.

தேரடி:
இந்த ரோதனையே வேணாம், பாயிண்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் கிட் போட்டுடுங்க.

குடந்தைக்காரன்:
ஊருக்குள்ள ஓட்டுறவங்களுக்குச் சரி. திருத்துறைப்பூண்டி தாண்டி கிட் செத்தா குட்டியானையில ஏத்தித்தான் கொண்டாரணும். பாயிண்ட்டை ரோட்டோரத்துலயே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கலாம்.

வெண்ணாறு:
அண்ணே, சுந்தரபெருமாள் கோவில் கிட்ட நின்னுச்சு. மூடியில சத்தமில்ல, முள்ளும் ஆடுச்சு. பாயிண்ட்ல பாத்தா வெல்டிங் பட்டறை! ஒரு முகத்துல குழி, எதிர் முகத்துல மேடு. கண்டென்சர் மாத்திட்டு மாயவரம் போய் வந்துட்டேன், நிக்கவே இல்ல. இன்ஜினை இறக்கச் சொன்னவர்கிட்ட இன்னும் சொல்லல.

குடந்தைக்காரன்:
பாயிண்ட்டையும் மாத்துங்க. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) அந்த மேட்டுல நின்னு பொய் அளவு காட்டும். இடைவெளி 0.35லேர்ந்து 0.40 மி.மீ.க்குள்ள இருக்கட்டும். இன்னொண்ணு, கண்டென்சரை அங்கேர்ந்து கழட்டி டேங்குக்கு அடியில கொண்டுபோயிடுங்க. அதோட வயரை, காயில்லேர்ந்து பாயிண்ட்டுக்குப் போற வயர் காயில்ல சேருற முனையில சேருங்க. பாடியை ஃப்ரேம்ல பெயிண்ட் சுரண்டி இறுக்குங்க. வேலை அதேதான், இன்ஜின் சூடு படாது. டூல் பாக்ஸ்ல இன்னொரு கண்டென்சர் கிடக்கட்டும்.

கோடியக்கரைக்கு வேதாரண்யம் உப்பளத்தைத் தாண்டித்தான் போகணும். திரும்பி வந்த அன்னிக்கே நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, ஸ்போக்குக்கும் ரிம்முக்கும் எண்ணெய்த் துணி போடுங்க.