மோட்டாருக்கு கன்ட்ரோலர் மாட்டிட்டு வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ஊருக்குப் போறவங்களே, ஃபுட் வால்வை யார் பார்க்கிறது?

கொல்லைக்கிணறு:
கோடை விடுமுறை இழையில் நேத்து ஒரு அன்பர் அருளியது: "பத்து நாள் வெளியூர் போறீங்களா? பூஜை ரூமையும் ஒரு பெட்ரூமையும் பூட்டுங்க. சாவியைப் பக்கத்து வீட்ல குடுங்க. நவக்கிரகக் கோயில் சுத்த வர்ற குடும்பத்துக்கு வீட்டை விடுங்க. மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டிட்டா தண்ணிக் கவலையே இல்ல."

முதல் மூணும் சரி. கடைசி வரியை எழுதினவர் கிணத்தை எட்டிப் பார்த்தவரா, இல்ல கடையில அட்டைப்பெட்டியை மட்டும் படிச்சவரா? கும்பகோணத்துப் பழைய வீடுகள்ல பாதி இன்னும் கொல்லைக் கிணறு, மேல பம்பும் மோட்டாரும் ஒண்ணா இருக்கிற மோனோபிளாக், உள்ள இறங்குற குழாய் நுனியில தண்ணி திரும்ப இறங்காமப் பிடிக்கிற ஃபுட் வால்வு. கன்ட்ரோலர் மாடித் தொட்டியைப் பார்க்கும், கீழ வால்வு ஒழுகுறது அதுக்கு எப்படித் தெரியும்? வாஷர் தேஞ்சாலோ, நடுவுல ஒரு இலைத்துணுக்கு சிக்கினாலோ குழாய்ல நிக்கிற தண்ணி இறங்கிடும். தொட்டி குறைஞ்சதும் உங்க ஆட்டோமேட்டிக் சமர்த்தா மோட்டாரைப் போடும். அது வெறும் காத்தைச் சுத்தும். ஷாஃப்டைச் சுத்தித் தண்ணி கசியாம அடைக்கிற மெக்கானிக்கல் சீல் தண்ணியாலதான் குளிருது. தண்ணி இல்லேன்னா சில நிமிஷத்துல சூடேறிப் போயிடும். அப்புறம் ஷாஃப்ட் வழியா கசிஞ்சு பேரிங், பேரிங் இறுகினா உள்ள இருக்கிற வைண்டிங் கம்பியும் எரியும். பத்து நாள் வாடகை ரீவைண்டிங் கடைக்குப் போகும்.

துலாக்கட்டம்:
அருளினவன் நான்தான். பேரைப் போட்டே திட்டியிருக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். ட்ரை ரன் சென்சார்னு ஒண்ணு இருக்குங்க ஐயா. கிணத்துக்குள்ள ரெண்டு ஒயர் தொங்கும், தண்ணி கீழ போனா மோட்டார் ஓடாது. மாயவரத்துல சின்னப் பசங்களுக்கே தெரியும்.

கொல்லைக்கிணறு:
சரியாப் போச்சு. சென்சார் தொங்குறது கிணத்துல. கிணத்துல தண்ணி இருக்கு! குழாய்லதான் இல்ல. உங்க ஒயர் "தண்ணி இருக்கு, ஓடு"ன்னு சொல்லும், மோட்டாரும் ஓடும், எரியும். ஃபுட் வால்வு ஒழுகலை எந்தக் கிணத்துச் சென்சாரும் பிடிக்காது. இதைத்தான் மேல எழுதியிருக்கேன், படிச்சுட்டுப் பதில் போடுங்க.

புதுவரவு:
அண்ணே, ஆட்டோமேட்டிக்னு நீங்க ரெண்டு பேரும் சொல்றது ஒரே சாமானா? ஃப்ளோட் பந்தா, சென்சார் பெட்டியா, டைமரா?

துலாக்கட்டம்:
அப்போ ஆம்பியர் பார்க்கிற ரிலே போடுங்க. காலியா ஓடினா கரண்ட் இழுப்பு குறையும், ரிலே கட் பண்ணிடும். முடிஞ்சது கதை.

கொல்லைக்கிணறு:
முடியல. அரை எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார்ல லோடு ஓட்டத்துக்கும் காலி ஓட்டத்துக்கும் ஆம்பியர் வித்தியாசம் ரொம்ப இல்ல. வோல்டேஜ் ஏறி இறங்கினா அந்த வித்தியாசமும் குழம்பிடும். இறுக்கி செட் பண்ணினா நல்லா ஓடுற மோட்டாரையே நிறுத்தும், தளர்த்தி செட் பண்ணினா காலி ஓட்டத்தை விட்டுடும். ரெண்டு எச்பி, மூணு எச்பிக்கு அது சரி. வீட்டு மோட்டாருக்கு நம்பினா நம்பினவர் பாடு.

உப்புக்காத்து:
நாகப்பட்டினம் பக்கம் உங்க சண்டையே வேண்டாம். தண்ணி உப்பு, சென்சார் கம்பியில படிஞ்சு கொஞ்ச நாள்ல கண்டதையும் காட்டும். தொட்டி காலியா இருக்கும், பெட்டியில "நிறைஞ்சது" லைட் எரியும். விருந்தாளி சோப்பைப் போட்டுட்டு நிப்பார்.

துலாக்கட்டம்:
உங்க ஊர்த் தண்ணிக்கு சென்சார் எதுக்கு, அப்படியே பாத்தி கட்டி விட்டா உப்பாவது விளையும்.

உப்புக்காத்து:
மாயவரத்துக்காரங்க வாய் மட்டும் ஆட்டோமேட்டிக். நிறுத்த ஸ்விட்ச் கிடையாது.

வெண்ணாத்தங்கரை:
தண்ணியை விடுங்க, கரண்டு பில்லைப் பேசுங்க. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டு, ஒண்ணேகால் யூனிட்டு இழுக்கும். ரெண்டு ஏசி, ராத்திரி பத்து மணி நேரம், பத்து நாள்னா ஏசிக்கு மட்டும் 240 யூனிட் வச்சுக்கங்க. ரெண்டு மாசக் கணக்குல 500 தாண்டினா வீட்டு இணைப்புக்கு 101-லிருந்து 200 வரைக்கும் உள்ள மலிவு விலை போயிடும். கிளம்புற அன்னிக்கு மீட்டரை போட்டோ எடுங்க, திரும்பினதும் எடுங்க. யூனிட்டுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே பேசிடுங்க. அதைப் பேசாம "எல்லாம் சேர்த்து"ன்னு விட்டா வாடகையே பில்லுக்குப் போயிடும்.

கொல்லைக்கிணறு:
தஞ்சாவூர்க்காரர் வந்தாச்சு. 500 தாண்டறதால மட்டும் போறது இருநூத்துச் சொச்சம் ரூபாய்தான், மிச்சமெல்லாம் தாண்டின யூனிட்டுக்கான ரேட். அதுக்குப் போய் வாடகையே போயிடும்கிறார். போன மாசம் செப்டிக் டேங்க் இழையிலயும் "வருஷா வருஷம் லாரி கூப்பிடணும்"னு இதே மாதிரி பயமுறுத்தினார். மறக்கல.

வெண்ணாத்தங்கரை:
தாண்டின யூனிட்டு ஒவ்வொண்ணும் எட்டு ரூபாய்க்கு மேல, அதைக் கூட்டலையா? செப்டிக் டேங்க் பத்தி அன்னிக்கு நான் சொன்னது பத்து பேர் தங்குற வீட்டுக்கு. அதை வெட்டிட்டு மேற்கோள் காட்டினது யாருன்னும் இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

கொல்லைக்கிணறு:
திரும்ப விஷயத்துக்கு வர்றேன். நவக்கிரகக் குடும்பம்னா என்னன்னு கன்ட்ரோலர் கட்சிக்குத் தெரியுமா? பத்து பேர். சூரியனார்கோவில், கஞ்சனூர், ஆலங்குடி, திங்களூர்னு ஆரம்பிச்சு ராத்திரிக்குள்ள திருநள்ளாறு வரைக்கும் முடிக்கணும்னு வர்றவங்க. நாலு மணிக்குள்ள பத்து பேரும் குளிச்சாகணும். தலைக்கு மூணு வாளின்னாலும் அறுபது லிட்டர், அறுநூறு ஆச்சு. கழிவறை, பல் தேய்க்க, துணி அலசன்னு ஆயிரம் லிட்டர்த் தொட்டி விடியறதுக்குள்ள காலி. மோட்டார் ஓடறதே மூணரைக்கும் நாலரைக்கும் நடுவுல, வீட்டுக்காரர் ஊட்டியில தூங்குற நேரம். மாசமோ மே. மேட்டூர் அணையை மூடி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, ஜூன் 12 வரைக்கும் ஆத்துல மணல்தான், கிணத்துல முட்டளவு. ஃபுட் வால்வு சல்லடை சேத்தைத் தொட்டுக்கிட்டு நிக்கும். அப்பதான் அது ஒழுகும். வேற எப்ப ஒழுகும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளம்ப ஒரு வாரம் முன்னாடி குழாயைத் தூக்கி வால்வைக் கழட்டுங்க, வாஷரை மாத்துங்க, சல்லடையைக் கழுவுங்க, கிணத்துத் தரையிலிருந்து ஒரு அடி மேல நிக்கிற மாதிரி இறக்குங்க. ராத்திரி மோட்டாரை நிறுத்திட்டு காலையில போட்டுப் பாருங்க. உடனே தண்ணி வந்தா வால்வு பிடிக்குது. இழுத்து இழுத்து வந்தா பிடிக்கல. சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவி வச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயே விடுங்க. பிரைமிங், அதாவது காலிக் குழாயைத் தண்ணியால நிரப்புறது, அவருக்குச் சொல்லிக் குடுங்க: பம்ப் தலைத் திருகைக் கழட்டணும், குமிழ் நிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தணும், இறுக்கணும், அப்புறம் போடணும். கன்ட்ரோலர் மாட்டவே கூடாது.

துலாக்கட்டம்:
பக்கத்து வீட்டுக்காரர் மூணரைக்கு எழுந்து பிரைமிங் பண்ணணும்! அவர் என்ன உங்க வீட்டுக் குத்தகைக்காரரா? கிணத்துத் தண்ணிக்குள்ளயே முங்கி ஓடுற ஓபன்வெல் சப்மர்சிபிள் இறக்கிட்டா ஃபுட் வால்வே கிடையாது, பிரைமிங்கும் கிடையாது. இதை ஏன் எழுதல?

கொல்லைக்கிணறு:
ஏன்னா அது முழுசா முங்கியிருக்கணும். தண்ணிதான் அதைக் குளிர வைக்குது. முட்டளவு தண்ணியில பாதி வெளிய நிக்கிற சப்மர்சிபிளும் வெந்துதான் போகும். ஃபுட் வால்வு ஆயிரம் ரூபாய் சமாசாரம் கூட இல்ல, அதைப் பார்க்கச் சோம்பப்பட்டு புது மோட்டார் வாங்கச் சொல்றார்.

துலாக்கட்டம்:
அப்போ சப்மர்சிபிளுக்குக் கிணத்துச் சென்சார் போட்டா போதும்ல? கிணத்துத் தண்ணி குறைஞ்சா கட் ஆயிடும். உங்க வாதத்தை நீங்களே படிச்சுப் பாருங்க.

கொல்லைக்கிணறு:
கட் ஆயிடும், சரி. தொட்டிக்குத் தண்ணி யார் கொண்டு வருவா, நீங்களா?

உப்புக்காத்து:
கேஸைப் பத்தி யாரும் பேசல. வீட்டு சிலிண்டரை வாடகை விருந்தாளிக்கு விடறது விதிப்படி தப்பு. ரெகுலேட்டரைக் கழட்டிப் பூட்டுங்க, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வைங்க. தை மாசம் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு வர்றவங்க வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்களா இருந்தா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க தங்கற விவரத்தை அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல ஏத்தணும் (முன்னாடி ஃபார்ம் சி, 2025-லிருந்து ஃபார்ம் III). அதையும் பக்கத்து வீட்டுக்காரர் தலையில கட்டுவீங்களா?

கொல்லைக்கிணறு:
ஆராதனை சீசன்ல கிணறு நிறைஞ்சிருக்கும், அது வேற கணக்கு. 2028 மகாமகத்துக்குக் கும்பகோணத்துல ஒரு கூடம் என்ன விலைக்குப் போகும் பாருங்க, அப்ப தெரியும் தொட்டி எவ்வளவு பெருசு வேணும்னு.

துலாக்கட்டம்:
பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற கூட்டத்தை நம்பி மோட்டார் கணக்குப் போடுறாங்க. எங்களுக்கு ஐப்பசி வந்தா மாசம் பூரா துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுகம், கார்த்திகை ஒண்ணு முடவன் முழுக்குன்னு காவிரியில குளிக்க வர்ற கூட்டம். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க? எல்லாம் கன்ட்ரோலர்லதான் ஓடுது.

கொல்லைக்கிணறு:
ஐப்பசியில அடைமழை. கிணத்துல கையாலயே மொள்ளலாம். அப்ப கன்ட்ரோலர் ஓடறதுல என்ன சாமர்த்தியம்? மே மாசத்தைச் சொல்லுங்க.

வெண்ணாத்தங்கரை:
எட்டு ரூபாய்க்கு இன்னும் பதில் வரல.

புதுவரவு:
நான் கேட்டதுக்கும்தான் வரல. போர்வெல் இருக்கிற வீட்டுக்கு இந்தச் சண்டை பொருந்துமா?

கொல்லைக்கிணறு:
தம்பி, போர்வெல்லுக்குத் தனி இழை ஆரம்பிங்க. இங்க ஃபுட் வால்வு பேசிக்கிட்டு இருக்கோம். துலாக்கட்டம் ஐயா, முட்டளவு தண்ணி, தேஞ்ச வாஷர், விடியக்காலை மூணரை மணி. உங்க பெட்டி என்ன பண்ணும்னு ஒரே வரியில எழுதுங்க. மாயூரப் பெருமை வேண்டாம்.

துலாக்கட்டம்:
வாஷர் தேயாம வச்சுக்கறவங்க வீட்ல அது வேலை பண்ணும். ஒரு வரிதான், எண்ணிக்கங்க.