அறுபதாம் கல்யாணம் (சித்தப்பா இல்லாத குரூப்)

குமார்: வியாழக்கிழமை கிளம்புறேன். சித்தப்பாவுக்கு என்ன வேணும்னு இன்னைக்கே சொல்லிருங்க, போன தடவ மாதிரி செக்கின்ல நிக்கும்போது சொல்லாதீங்க

சித்தி: அவுகளுக்கு புத்தகந்தான். அமெரிக்காக்காரன் அவன் ஊர் சனத்தப் பத்தி எழுதி அவார்டு வாங்குனதா வேணுமாம். எனக்கு தலைவலி தைலம் ரெண்டு

ரேவதி: சித்தி தைலம் இங்கருந்துதான் அங்க போவுது 😂

குமார்: அப்ப எவிக்டட் வாங்கிருதேன். மேத்யூ டெஸ்மண்ட்னு ஒரு சோஷியாலஜி ப்ரொபசர் எழுதுனது, 2016ல வந்துச்சு, 2017ல புலிட்சர் அவார்டு. எல்லாம் நடந்தது நான் இருக்க மில்வாக்கி ஊருலதான். 2008ல அவரே டிரெயிலர் பார்க்குல, அதான் தூக்கிட்டுப் போற மாதிரி வீடுவ வரிசையா நிக்கிற எடம், வாடகைக்கு குடிபோயி அப்புறம் ஊருக்குள்ளயே வடக்க கறுப்பர்கள் இருக்க பக்கம் ரூம் எடுத்து தங்கி, எட்டு குடும்பத்துக்கு பின்னாலயே அலைஞ்சிருக்காரு. அர்லீன்னு ஒரு அம்மா, ரெண்டு பையனுவ, மகன் பனிக்கட்டிய உருண்ட பிடிச்சு போற கார்ல எறிஞ்சான், கார்க்காரன் இறங்கி வந்து கதவ உதைச்சு ஒடச்சிட்டான், அதுக்கு வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பொறவு கிடைச்ச வீட்டுக்கு வாடகை 550 டாலர், கவர்மென்ட் உதவிப்பணமே 628தான், மிச்ச 78ல மாசத்த ஓட்டணும்

முருகன்: படிச்சிட்டு வாரேன்

முருகன்: பாதி படிச்சேன்

பெரியப்பா: ஒடஞ்ச கதவுக்கு யார் துட்டு குடுத்தா?

ரேவதி: பெரியப்பா கேப்பாகன்னு தெரியும்

ரேவதி: வளவுல மூணாம் வீட்டு ஞாபகம் வருதா பெரியப்பா

பெரியப்பா: அந்தப் பொம்பளைக்கு ஆறு மாசம் விட்டுக்குடுத்தேன். கரண்டு பில்லும் நாந்தான் கட்டுனேன். இத யாரும் சொல்ல மாட்டிய

முருகன்: அம்மிக்கல்ல தெருவுல தூக்கி வச்சதும் நாந்தானே பாத்தேன்

சித்தி: அத்தான் நல்லநாளும் அதுவுமா அத விடுங்க. முருகா வாய வச்சுக்கிட்டு சும்மா இரி

குமார்: அங்கயும் அதேதான். கோர்ட் ஆர்டர நிறைவேத்துற ஷெரிப்னு போலீஸ் ஆபீசரோட சாமான் தூக்குற ஆளுவ வந்து, சாமான் லாரிக்கா ரோட்டோரத்துக்கான்னு அப்ப கேப்பாங்களாம். லாரின்னா கோடவுனுக்கு போயிரும், அதுக்கு மாசாமாசம் பணம் கட்டணும், கட்டலன்னா சாமான் அம்போ

பெரியப்பா: தம்பிக்கு நல்லநாள்ல குடுக்க இதுதான் கிடைச்சுதா. என்னையத்தான் குத்திக் காட்டுதிய

குமார்: ஐயோ பெரியப்பா. அப்ப இன்னொண்ணு இருக்கு, இசபெல் வில்கர்சன் எழுதுன தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ். 1915லருந்து 1970 வரைக்கும் அறுபது லட்சம் கறுப்பர்கள் அமெரிக்காவுல தெக்கருந்து கிளம்பி வடக்கயும் மேற்கயும் போன கதை, ஆயிரத்திருநூறு பேருக்கு மேல பேட்டி எடுத்திருக்காங்க

முருகன்: எத்தன கிலோ

குமார்: 600 பக்கம் இருக்கும்

முருகன்: பெட்டில தைலத்துக்கு எடம் இல்ல சித்தி 😂😂

மாப்பிள்ளை (ரேவதி): கேத்தரின் பூ எழுதுன பிஹைண்ட் த பியூட்டிஃபுல் ஃபாரெவர்ஸ் வாங்கலாமே. 2012ல நேஷனல் புக் அவார்டு. பம்பாய் ஏர்போர்ட் பக்கத்துல அண்ணாவாடின்னு ஒரு சேரி, அதப் பத்தி

சித்தி: அமெரிக்காவப் பத்தின்னுல்லா கேட்டாவ

முருகன்: பூன்னா என்ன பூ

மாப்பிள்ளை (ரேவதி): எழுதுனவங்க அமெரிக்கா, அவார்டும் அமெரிக்கா. 1991ல ரன்வே ரிப்பேர் வேலைக்கு லாரில கூட்டிட்டுப் போன தமிழ் ஆளுவதான் சதுப்புல மண்ணு கொட்டி அந்தச் சேரிய உண்டாக்குனாங்க. நம்ம 'அண்ணன்'லருந்து வந்த பேருதான் அண்ணாவாடி

சித்தி: அப்படியா? எந்த ஊர்க்காரவுகளாம்

ரேவதி: நம்ம தாத்தா கூட பம்பாயில இருந்தாவல்லா? சொல்லிக்கிட்டே இருப்பாவ

பெரியப்பா: அது பம்பாய் இல்ல, பூனா. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது

குமார்: அப்ப மூணுல எது? ஒருத்தரும் சொல்லலியே

சித்தி: எல்லாம் வாங்கிட்டு வா

முருகன்: பெட்டிக்கு 23 கிலோதான் சித்தி

ரேவதி: குமார கூப்பிட திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு கார் யாரு எடுக்குறது? சனிக்கிழமை இவருக்கு ஆபீஸ்

முருகன்: என் கார் மெக்கானிக் ஷெட்ல

பெரியப்பா: குமாரு

பெரியப்பா: அந்தப் பொம்பள, அர்லீனு, கடைசில வீடு கிடைச்சுதா

சித்தி: தைலம் வேண்டாம், பிரஷர் பாக்குற மிஷின் வாங்கிட்டு வா. அத்தானுக்கும் ஒண்ணு