கப்பலில் சிறப்பு உணவகம்: ஏறும் முன்பே மேசை பிடிப்பதா, ஏறிய பின்பா?

கயல்விழி எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் ஏழு இரவுக் கப்பல் பயணம் போகிறோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என ஆறு பேர். தனிக் கட்டணம் கட்டிச் சாப்பிடும் சிறப்பு உணவகங்களில் இப்போதே முன்பதிவு செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

சென்ற முறை அவர் பேச்சைக் கேட்டுத்தான் போனோம். இரண்டாம் நாள் காலை இத்தாலிய உணவகத்தின் வாசலில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த பெண் கையிலிருந்த திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறு பேருக்கு ஒரே ஒரு நேரம்தான் மிச்சம் இருந்தது: கடைசி இரவு, ஒன்பதேகால் மணி. அப்பா சர்க்கரை நோயாளி, ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டியவர். அவருக்கு பஃபேயில் இரவு உணவைக் கொடுத்து கேபினில் விட்டுவிட்டு மற்ற ஐவரும் போனோம். ஆறு நாற்காலி போட்ட மேசை. காலி நாற்காலியின் முன்னால் மடித்து வைத்த துணி கடைசிவரை அப்படியே இருந்தது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

காத்திருப்பதில் என்ன லாபம் என்று யாராவது சொல்லுங்கள்.

நெடுங்கடல் எழுதியது:

சகோதரி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். பதினோரு பயணம் போய்விட்டேன், கரையிலிருந்தபடி மேசை பிடித்தவர்கள் கப்பலில் கைபிசைவதை அத்தனை முறையும் பார்த்திருக்கிறேன்.

சிறப்பு உணவகத்தின் உணவுப் பட்டியல் பெரும்பாலும் பயணம் முழுக்க ஒன்றேதான். முதன்மை உணவுக்கூடத்தில்தான் தினமும் மாறும். எல்லோரும் உடுத்திக்கொண்டு வரும் அந்த விசேஷ இரவில் அங்கே பரிமாறுவது பயணத்திலேயே சிறந்ததாக இருக்கும். அது எந்த இரவு என்று தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு பதிவு செய்தவர்கள் அன்றைக்கென்று பார்த்து வேறெங்கோ காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள்.

இன்னொன்று, களைப்பு. காலை ஏழு மணிக்குக் கரையிறங்கி வெயிலில் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பும் பிள்ளைகளை, ஆறேகாலுக்கு நான்கு சுற்று விருந்துக்கு உட்கார வைத்துப் பாருங்கள். இரண்டாவது தட்டு வருவதற்குள் தூங்கி விழுவார்கள்.

முதல் இரவில் பல கப்பல்களில் தள்ளுபடி உண்டு. பெட்டி இன்னும் கேபினுக்கு வந்து சேரவில்லை, வழி பிடிபடவில்லை என்று எல்லோரும் பஃபேக்கு ஓடுகிற இரவு அது. ஏறியதும் நேராக உணவக வாசலுக்குப் போய்க் கேட்டால் நல்ல இடம் கிடைக்கும். நீங்கள் தவறவிட்டது முன்பதிவை அல்ல, முதல் நாள் மதியத்தை. இரண்டாம் நாள் காலை என்பது தாமதம்.

தாரகை எழுதியது:

நெடுங்கடல் ஐயா ஒன்றை மறந்துவிட்டார். முன்பதிவு கால்விலங்கு அல்ல. புறப்படும் முன் ரத்து செய்தால் பெரும்பாலான நிறுவனங்களில் முழுப் பணமும் திரும்பி வரும். ஏறிய பிறகும் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் பொதுவாக அபராதம் இல்லை. சொல்லாமல் வராமலிருந்தால்தான் தண்டம். இப்போதே பிடித்து வைத்துக்கொண்டு, விசேஷ இரவு எது என்று தெரிந்ததும் மாற்றிக்கொள்வதில் என்ன நஷ்டம்?

விலையும் அப்படித்தான். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களின் தளத்தில் உணவக விலை விமான டிக்கெட் போல ஏறி இறங்கும். நான் ஒரு முறை ஐந்து மாதம் முன்னதாகவே பிடித்து வைத்தேன். வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். விலை இறங்கிய அன்று பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்தேன். இரண்டு தடவை அப்படிச் செய்தேன். ஒன்று மட்டும் கவனம்: புதிய விலையில் வேண்டிய நேரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதில் கை வைக்க வேண்டும்.

முதல் நாள் மதியம் போனால் கிடைக்கும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024-இல் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் கேபினுக்கு இருவர் என்று கொண்டாலே 5,610 பயணிகள். ஒரு உணவகத்தில் நூற்றைம்பது நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிப் பந்தி ஏழு இரவுக்கும் சேர்த்து 1,050 பேரைத்தான் உட்கார வைக்கும். அந்த 1,050-இல் கயல்விழியின் அப்பாவுக்கு ஓர் இடம் வேண்டும். இதை அதிர்ஷ்டத்திடம் விடச் சொல்கிறீர்களா?

உப்புக்காற்று எழுதியது:

நீங்கள் எல்லோரும் எப்போது பிடிப்பது என்று சண்டை போடுகிறீர்கள். எதற்காகப் பிடிக்க வேண்டும் என்று கேட்க ஆளில்லை. பயணச்சீட்டிலேயே மூன்று வேளை உணவுக்கும் பணம் வாங்கிவிட்டார்கள். பிறகு அதே கப்பலில் தனிக் கதவு ஒன்றைப் போட்டு, உள்ளே நல்ல சாப்பாடு இருக்கிறது, மறுபடி பணம் கொடு என்றால் அது என்ன நியாயம்? சேவைக் கட்டணம் 18 அல்லது 20 சதவிகிதம் அதற்கு மேல். கப்பல் பயணம் என்றால் எல்லோரும் ஒரே கூடத்தில் உண்பது. அந்த வழக்கத்தைக் காசுக்காக இப்போதுதான் குலைத்தார்கள்.

தாரகை எழுதியது:

இப்போதுதான் என்பது சரியல்ல நண்பரே. ஜெர்மனியின் அமெரிக்கா என்ற கப்பலில் 1905-இலேயே தனிக் கட்டண உணவகம் இருந்தது. 1912-இல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்கு அப்படி ஒன்று இருந்தது. இன்றைய போக்குக்குப் பெரிய உந்துதல் 2000-இல் வந்தது. குறித்த நேரம், குறித்த மேசை என்ற கட்டுப்பாட்டை நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் தளர்த்தி, பிடித்த இடத்தில் பிடித்த நேரத்தில் உண்ணலாம் என்றது அப்போதுதான்.

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மனம் ஒப்பாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஓஷியானியா, வைகிங் கப்பல்களில் சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கும் மேசையை முன்கூட்டியே பிடித்தாக வேண்டும். விலையுயர்ந்த அறை எடுத்தவர்களுக்கு முன்பதிவு முதலில் திறக்கும். காசு வாங்காத இடத்திலும் நாற்காலி எண்ணிக்கை அதேதான்.

அடுப்படி எழுதியது:

கப்பல் சமையற்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உப்புக்காற்று கேட்ட கேள்விதான் முதல் கேள்வி. நான் இருந்த கப்பலில் முதன்மைக் கூடத்தின் ஒரு பந்திக்கு ஆயிரம் தட்டுக்கு மேல் போகும். இறைச்சித் துண்டை முன்கூட்டியே இரண்டு பக்கமும் வாட்டி வைத்து, பந்தி தொடங்கியதும் அடுப்பில் ஏற்றி முடிப்போம். எத்தனை அக்கறை காட்டினாலும் உங்கள் ஒருவருக்கென்று பதம் பார்க்க முடியாது. சிறப்பு உணவகத்தில் நீங்கள் கேட்டதை எழுதிய சீட்டு உள்ளே வந்த பிறகுதான் துண்டு நெருப்பில் விழும். நீங்கள் பணம் கொடுப்பது அந்தப் பத்து நிமிடத்துக்கு.

ஆகவே பெரிய கூடத்தில் எதைச் சரியாகச் செய்ய முடியாதோ அதைத் தேர்ந்தெடுங்கள். நெருப்பில் சுடுவது, பச்சை மீன் சுஷி, கண் முன்னால் இரும்புத் தட்டில் சமைக்கும் டெப்பன்யாகி, இவற்றுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பாஸ்தாவுக்காக நான் ஒரு நாளும் தனிக் கட்டணம் கட்ட மாட்டேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தால் பாதி மேசை காலியாக இருக்கும், கேட்டால் இடமில்லை என்பார்கள். பொய் சொல்லவில்லை. கால் மணிக்கு இத்தனை பேர் என்று பிரித்துத்தான் உள்ளே விடுவார்கள், இல்லாவிட்டால் அடுப்பு தாங்காது. ஏறிய பிறகு கேட்பவர்களுக்கென்று சில மேசைகளை ஒதுக்கி வைத்திருந்தோம் என்பதும் உண்மை, அந்த வகையில் நெடுங்கடல் சொல்வது சரி. ஆனால் அவை அநேகமாக இருவர் மேசைகள். ஆறு பேர் மேசை மூன்றோ நான்கோதான் இருக்கும், அது ஏறிய பிறகு மிஞ்சி நான் பார்த்ததில்லை.

நெடுங்கடல் எழுதியது:

ஆறு பேர் என்பதை நான் போதிய அளவு யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நானும் மனைவியும் மட்டுமே போகிறவர்கள். எங்களுக்கு எந்த மூலையிலும் இடம் கிடைத்துவிடும்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. முன்பதிவு என்றதும் எல்லா உணவகத்துக்கும் சேர்த்து விற்கும் மொத்தத் திட்டத்தை வாங்கிவிடாதீர்கள். பணம் இன்று, நேரம் பிறகு. சில நிறுவனங்களில் அந்தத் திட்டத்தை வாங்கியவர்கள் ஏறிய பிறகுதான் ஒவ்வொரு இரவுக்கும் மணி குறிக்க முடியும். காசு கொடுத்தும் சென்ற முறை நின்ற அதே வரிசையில்தான் நிற்பீர்கள். ஏழு இரவில் ஐந்து இரவு அப்படிச் சாப்பிட்டால் முதன்மைக் கூடத்தில் உங்கள் மேசைப் பணியாளர் உங்களைப் பார்க்கவே மாட்டார். மூன்றாம் நாள் கேட்காமலேயே பெரியவருக்குச் சர்க்கரை இல்லாத இனிப்பைக் கொண்டுவந்து வைப்பவர் அவர்தான். அந்த உறவை எந்தச் சிறப்பு உணவகமும் இரண்டு மணி நேரத்தில் தராது.

உப்புக்காற்று எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், கோபத்தில் வேறு எதையோ சொல்லிவிட்டேன். இருந்தாலும் கட்டணக் கதவு எனக்கு உடன்பாடு இல்லை. 1905-இல் இருந்தது என்பதால் அது நியாயமாகிவிடாது.

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை உட்கார்ந்து முடித்துவிட்டோம். இரண்டே இரவு. இரண்டாம் இரவு நெருப்பில் சுடும் உணவகம், ஆறே முக்கால் மணி. ஐந்தாம் நாள் டெப்பன்யாகி. அன்று கப்பல் கரை தொடாது, பிள்ளைகள் மதியம் தூங்கி எழுந்து தெளிவாக இருப்பார்கள். மொத்தத் திட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். விசேஷ இரவு இரண்டில் ஒன்றோடு மோதினால் மாற்றிக்கொள்வோம். வீட்டுக்காரரும் சரி என்றார், முதல் நாள் மதியம் வாசலில் போய்த் தள்ளுபடி கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்ற நிபந்தனையோடு.

ஒரே சந்தேகம். ஆறு பேருக்கு என்று தேடினால் ஏழு மணிக்கு மேல்தான் காட்டியது. மூன்று மூன்றாக இரண்டு பதிவு போட்ட பிறகுதான் ஆறே முக்கால் கிடைத்தது. அங்கே போனால் மேசையைச் சேர்த்துப் போடுவார்களா?

அடுப்படி எழுதியது:

வாசலில் போய் நின்று கேட்காதீர்கள் அம்மா, அந்த நேரத்தில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஏறிய அன்றே உணவக மேலாளரைப் பார்த்து, இரண்டு பதிவு எண்களையும் காட்டுங்கள். அப்பாவின் உணவு நேரத்தையும் சர்க்கரையையும் சொல்லுங்கள். மருத்துவக் காரணம் என்றால் குறித்துக்கொள்வார்கள். டெப்பன்யாகிக்குக் கவலை வேண்டாம், அங்கே எட்டுப் பேரளவில் ஒரே தட்டைச் சுற்றித்தான் உட்கார வைப்பார்கள். நடு இருக்கையை அப்பாவுக்குக் கேளுங்கள், ஓரத்தில் இருப்பவர்களுக்குச் சமையல்காரர் பக்கவாட்டில்தான் தெரிவார்.