பேருந்து நேரத் திரை நிறுத்தத்தில் மட்டும் இருந்தால் போதாது

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த காலத்தில், பேருந்து எப்போது வரும் என்பதை உடனுக்குடன் காட்டும் திரையை நாள்தோறும் நம்பியிருந்தேன். அந்நகரில் டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். தூறலும் எளிதில் விடாது. வளாகத்தின் ஊடே வளைந்து செல்லும் ஸ்டீவன்ஸ் வே சாலையில் நின்று காத்திருப்பது, வெயில் ஊரிலிருந்து போன எனக்கு முதல் குளிர்காலத்தில் பெரும் பாடாக இருந்தது.

எங்கள் துறைக் கட்டடத்தின் முன்கூடத்தில், அடுத்து வரவிருக்கும் பேருந்துகளின் தட எண்களையும் அவை வர எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் காட்டும் திரை ஒன்று இருந்தது. நிறுத்தத்தில் இருக்கும் திரை, வந்து நின்றவருக்கு ஆறுதல் தரும், அவ்வளவுதான். கதவுக்கு உள்ளே இருக்கும் திரையோ இப்போது கிளம்பலாமா, இன்னும் ஒரு பக்கம் படித்துவிட்டுக் கிளம்பலாமா என்று முடிவெடுக்க உதவும். ஆய்வகத்திலிருந்து இரவில் தனியாகத் திரும்பும் தோழியருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆளில்லாத நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பதை அவர்கள் அதனால் தவிர்க்க முடிந்தது.

பேருந்து நேரம் பார்க்க நாங்கள் கைப்பேசியில் பயன்படுத்திய ‘ஒன்பஸ்அவே’ என்ற செயலியும் அதே பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான். கணினியியல் ஆய்வு மாணவராக இருந்த பிரையன் ஃபெரிஸ் அதை 2008இல் தொடங்கினார். போக்குவரத்துப் பொறியியல் ஆய்வு மாணவி காரி வாட்கின்ஸ் அவருடன் இணைந்து உழைத்தார். வாட்கின்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, நேரத் தகவல் இல்லாமல் நிற்பவர்கள் தாம் காத்திருந்த நேரத்தை உள்ளதைவிடக் கூடுதலாக உணர்கிறார்கள் என்றும், தகவல் உள்ளவர்களிடம் அந்த மிகையுணர்வு காணப்படவில்லை என்றும் கூறியது. தகவல் உள்ளவர்கள் உண்மையாகவே ஏறக்குறைய 2 நிமிடம் குறைவாகக் காத்திருந்ததும் அதில் தெரியவந்தது.

அச்செயலியின் நிறங்களை நான் இன்றும் மெச்சுகிறேன். நேரத்துக்கு வரும் பேருந்துக்குப் பச்சை, தாமதமாக வருவதற்கு நீலம், முன்கூட்டியே வருவதற்குச் சிவப்பு. தாமதத்துக்குத்தான் சிவப்பு என்று முதலில் பலரும் எண்ணுவார்கள். ஆனால் தாமதமான பேருந்தைக் காத்திருந்தாவது பிடித்துவிடலாம், முன்கூட்டியே போய்விட்ட பேருந்தைப் பிடிக்கவே முடியாது. நிறுத்தத்தில் நிற்பவரின் இடத்திலிருந்து யோசித்தவர்களுக்கே இப்படி நிறம் தீட்டத் தோன்றும். வண்டியிலிருந்து தகவல் கிடைக்காதபோது, அது வெறும் அட்டவணை நேரம் என்பதையும் தனியே காட்டிவிடுவார்கள்.

இதன் அருமை, பின்னர் வேறோர் ஊரின் கல்லூரியில் பணிக்குச் சேர்ந்தபோது எனக்கு நன்றாக விளங்கியது. அங்கே நிறுத்தத்தில் பெரிய மின்பலகை இருந்தும், அட்டவணையில் உள்ள நேரத்தையும் வண்டியின் ஜிபிஎஸ் தரும் நேரத்தையும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் காட்டினார்கள். ஓட்டுநர் அன்றைய தடத்தைக் கருவியில் பதியாவிட்டாலோ, நடையே ரத்தானாலோ, பலகை மட்டும் ‘2 நிமிடம்’ என்று காட்டி, பிறகு அந்த வரியைச் சத்தமின்றி நீக்கிவிடும். தேர்வு நாளில் அதை நம்பி நின்ற மாணவர்கள் பட்ட பதற்றத்தைக் கண்ணால் கண்டேன். நேரம் தெரியாமல் நிற்பதைவிடப் பொய்யான நேரத்தை நம்பி நிற்பது கொடுமையானது என்றே நான் கருதுகிறேன்.

மாணவர்கள் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள், நானும் கையெழுத்திட்டேன். சில மாதங்களில் அட்டவணை நேரத்தின் பக்கத்தில் கடிகாரக் குறியொன்று சேர்க்கப்பட்டது. நூலக வாயிலின் உட்புறத்திலும் ஒரு திரை வந்தது. விடுதி முகப்பிலும் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது.