டெலவேர் மாநிலத்தோட தலை மட்டும் ஏன் வட்டமா இருக்கு?

மேப்பைத்தியம்:
அமெரிக்கா மேப்ல டெலவேரோட வடக்கு எல்லை மட்டும் காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி வளைவா இருக்கு, அதுக்கு மேற்கே பென்சில்வேனியா மேரிலாண்ட் நடுவுல ஒரே நேர் கோடு. பிரிட்டிஷ் காலத்துலயே போட்டதாம். இதெல்லாம் முடிவு பண்ணது யாருங்க, ராஜாவா?

பழையஏடு:
ராஜா முடிவு பண்ணல, குழப்பித்தான் விட்டாரு. 1632ல முதலாம் சார்லஸ் கால்வெர்ட் குடும்பத்துக்கு மேரிலாண்டை எழுதிக்கொடுத்தப்போ வடக்கே 40 டிகிரி அட்சரேகை வரைக்கும்னு கணக்கு. 1681ல அவர் மகன் ரெண்டாம் சார்லஸ் வில்லியம் பென்னுக்கு பென்சில்வேனியாவைக் கொடுக்குறாரு, இப்போ டெலவேர்ல இருக்குற நியூ காசில் ஊரைச் சுத்தி 12 மைல் வட்டம் போட்டு அது 40 டிகிரியில முட்டுற இடத்துல இருந்து மேற்கே கோடுன்னு எழுதிட்டாங்க, ஆனா வட்டம் அங்க கிட்டக்கூட போகல, அப்போ இருந்த மேப் அந்த லட்சணம். 40 டிகிரின்னு அடிச்சுப் பேசினா பிலடெல்பியா ஊரே மேரிலாண்டுக்குள்ள போயிடும்! ஒரே இடத்துக்கு ரெண்டு பட்டா. நீங்க கேட்ட வளைவு அந்த 12 மைல் வட்டம்தான்.

மேப்பைத்தியம்:
அட. அப்புறம் எப்படித்தான் தீர்ந்துச்சு?

கல்லும்கோடும்:
80 வருஷத்துக்கு மேல இழுத்துச்சு ப்ரோ. 1730கள்ல சஸ்குவஹானா ஆத்தங்கரையில அடிதடி, தாமஸ் கிரெசாப்னு ஒரு மேரிலாண்ட் ஆளு தலைமையில, பென்சில்வேனியாக்காரங்க வீட்டையே கொளுத்திப் பிடிச்சுட்டுப் போனாங்க அவரை. 1732லயே ஒப்பந்தம் ஆச்சு, பிலடெல்பியாவோட தெற்கு முனையில இருந்து 15 மைல் கீழ கோடுன்னு. கையெழுத்து போட்ட கால்வெர்ட் அப்புறம் மேப்ல ஏமாத்திட்டாங்கன்னு பல்டி, லண்டன்ல கேஸ், 1750ல ஒப்பந்தம் செல்லும்னு தீர்ப்பு. அதுக்கப்புறம்தான் 1763ல சார்லஸ் மேசன், ஜெரமையா டிக்சன்னு நிலம் அளக்குற ரெண்டு பேரும் வந்து நட்சத்திரத்தைப் பார்த்து அட்சரேகை கணக்கு போட்டுக் காட்டை வெட்டிக்கிட்டே போனாங்க. மைலுக்கு ஒரு கல்லு, ஒரு பக்கம் எம், மறுபக்கம் பி, அஞ்சு மைலுக்கு ஒண்ணுல ரெண்டு குடும்பத்துச் சின்னமும். கல்லு இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்துச்சு, அங்க கல்லே இல்லாத மாதிரி!

பழையஏடு:
கணக்குப் பார்த்தா கால்வெர்ட் பக்கம்தான் நஷ்டம், 40 டிகிரியில இருந்து சுமார் 19 மைல் கீழ இறங்கிட்டாங்க.

ஆத்தோரம்:
எல்லாரும் விட்டது ஒண்ணு. 1767ல டங்கர்ட் ஓடைகிட்ட கோடு நின்னுபோச்சு, கூட வந்த இரோக்வா பூர்வகுடி வழிகாட்டிங்க இதுக்கு மேல வரமாட்டோம்னுட்டாங்க. உண்மையில நிலத்துக்காரங்க அவங்கதானே, லண்டன் கோர்ட்ல அவங்களை யாரு கேட்டா? மீதிக் கோட்டை சுதந்திரத்துக்கு அப்புறம் 1784லதான் முடிச்சாங்க.

கல்லும்கோடும்:
கரெக்ட். அந்த வட்டமும் நேர் கோடும் சரியா ஒட்டாம நடுவுல ஆப்பு மாதிரி ஒரு துண்டு நிலம் தொங்கிட்டு இருந்துச்சு, அது டெலவேருக்குன்னு முடிவானது 1921லங்க.