“இந்த ஃபோன் கம்பெனி ஆருதுங்க?” – பங்கு வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

இங்கே பாலக்காட்டு எல்லையில் ஒரு அக்ஷயா சென்டரில் (கேரளத்தின் இ-சேவை மையம்) பத்து வருஷமாக வேலை செய்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, வில்லேஜ் ஆபீஸ் விண்ணப்பம், கரண்ட் பில் என்று நாள் ஓடிவிடும். பங்குச் சந்தைப் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை. போன வருஷம் வந்த இரண்டு பேரால்தான் அந்தப் பக்கம் போனேன்.

முதலில் வந்தவர் வேலந்தாவளத்துத் தேங்காய் வியாபாரி. “அம்மிணி, வோடஃபோன் ஐடியாவ கவர்மென்ட்டு எடுத்துக்கிச்சாமா? அப்ப அதும் பி.எஸ்.என்.எல் மாதிரி சர்க்கார் கம்பெனிதானுங்களே? முழுகாது. கொஞ்சம் பணம் போடலாம்னு இருக்கறேன்” என்றார். எனக்கும் தெரியாது. மத்தியானம் கூட்டமில்லாத நேரம், பங்குச் சந்தையின் தளத்தைத் திறந்து, ‘ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்’ என்ற பக்கத்தை இரண்டு பேருமாகப் படித்தோம். பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள எந்தக் கம்பெனியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலாண்டு முடிந்து 21 நாளுக்குள், யார் யாரிடம் எவ்வளவு பங்கு இருக்கிறது என்ற அந்த அட்டவணையைக் கொடுத்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது.

அரசு கையில் இருந்தது 48.99 சதவீதம். ஆனால் அரசு காசு கொடுத்து வாங்கவில்லை. கம்பெனி கட்ட வேண்டிய பாக்கியையே பங்காக மாற்றிக்கொண்டது. 2023 பிப்ரவரியில் ₹16,133 கோடி வட்டிப் பாக்கி, 2025 ஏப்ரலில் ₹36,950 கோடி ஸ்பெக்ட்ரம் (அலைவரிசை) பாக்கி, இரண்டு தடவையும் பங்கு ஒன்று ₹10 கணக்கில். “கடன் குடுத்தவன் தோப்புல பங்கு எழுதி வாங்கிக்கிட்டான்” என்று அவரே சொல்லிக்கொண்டார். சரியாகத்தான் சொன்னார்.

அப்புறம் வந்ததுதான் இரண்டு பேருக்கும் புதுசு. அட்டவணையில் ‘ப்ரமோட்டர்’ என்ற தலைப்பில் இருந்தவர்கள் ஆதித்ய பிர்லா குழுமமும் பிரிட்டனின் வோடஃபோனும். இரண்டும் சேர்ந்து கால் பங்குக்குச் சற்று மேல். அரசு இருந்ததோ ‘பப்ளிக்’ என்ற தலைப்பில், நம்மைப் போன்ற சில்லறைப் பங்குக்காரர்கள் இருக்கும் அதே பகுதியில். கம்பெனியை நடத்துவது ப்ரமோட்டர்கள்தான். சட்டப்படி அரசு நிறுவனம் என்று சொல்ல 51 சதவீதமாவது அரசிடம் இருக்க வேண்டும். பி.எஸ்.என்.எல் கதை வேறு: 2000 அக்டோபர் 1-ல் தனி நிறுவனமாக இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து முழுக்க அரசுடையது, சந்தையில் வாங்கவே கிடைக்காது. டெல்லி, மும்பை டெலிபோன் கம்பெனியான எம்.டி.என்.எல் அட்டவணையையும் திறந்து காட்டினேன். அதில் 56.25 சதவீதம் வைத்திருப்பவர் பெயர் ‘இந்தியக் குடியரசுத் தலைவர்’. அந்த வரியை அவர் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்.

பணம் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம். ஆனால் ‘சர்க்கார் கம்பெனி’ என்று நினைத்துப் போடவில்லை. எனக்கு அது போதும்.

இரண்டாவதாக வந்தது நல்லேப்பிள்ளிப் பக்கத்து ஆத்தா ஒருவர். மஞ்சப்பைக்குள் குறிச்சீட்டு நோட்டு, ரேஷன் கார்டு, நடுவில் நாலாக மடித்த மூன்று பங்குச் சான்றிதழ். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மடிப்பில் மை போய், ஃபோலியோ நம்பரின் (பங்குக் கணக்கு எண்) கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் கோயமுத்தூரில் மில் வேலையில் இருந்தபோது தொண்ணூறுகளில் வாங்கியது, ஒரு டெலிபோன் கம்பெனியின் பங்கு. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். “அவரு போயி ஒம்பது வருசமாச்சு கண்ணு. இது செல்லுமா, இல்ல அடுப்புல போட்டரலாமா?” என்று கேட்டார்.

டிவிடெண்ட் (கம்பெனி லாபத்தில் பங்குக்காரருக்குத் தரும் பணம்) தபால் எல்லாம் பழைய கோயமுத்தூர் விலாசத்துக்கே போயிருக்கிறது. தொடர்ந்து 7 வருஷம் யாரும் வாங்காவிட்டால் பணம் மட்டுமல்ல, பங்குகளும் சேர்ந்து ஐ.இ.பி.எஃப் எனப்படும் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். அந்தக் கம்பெனியின் அட்டவணையில் அந்த நிதியின் பெயரிலேயே ஒரு வரி இருந்தது, எதிரே லட்சக்கணக்கில் பங்கு. இத்தனை பெரிய முதலீட்டாளர் யாரோ என்று யாரும் நினைப்பார்கள். ஆத்தா வீட்டுக்காரரின் 150 பங்கும் அந்த வரிக்குள்தான் கிடக்கிறது. உரியவர் வந்து கேட்கும்வரை அந்தப் பங்குகளுக்கு ஓட்டும் கிடையாது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை பேர் வீட்டு மஞ்சப்பை அந்த ஒரு வரியில் இருக்கிறதோ!

ஆத்தா விஷயம் இன்னும் முடியவில்லை. முடிந்ததும் எழுதுகிறேன். பங்கு யாருடையது என்று தேடிப் போனவர்கள் எழுதுங்கள்.

குமுளியிலிருந்து

எனக்கு ஏலக்காய் வியாபாரம். சரக்கை அடகு வைத்துப் பணம் புரட்டுவது என்றால் என்ன என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் சரக்கை விற்றுவிடுவார், விற்க விற்க விலை இன்னும் இறங்கும். இதெல்லாம் தெரிந்த நான், சில வருஷம் முன்பு ஒரு ஃபோன் கம்பெனியில் பணம் போட்டபோது அட்டவணையில் ‘ப்ரமோட்டர்’ சதவீதத்தை மட்டும் பார்த்தேன். பாதிக்கு மேல் முதலாளியே வைத்திருக்கிறார், தைரியம்தான் என்று நினைத்தேன். அதே வரிசையில் வலது ஓரம், அந்தப் பங்கில் எவ்வளவு அடகில் இருக்கிறது என்று ஒரு கட்டம் உண்டு. அதுவரை நகர்த்திப் பார்க்கவில்லை.

அப்புறம் விலை சரிந்தது. கடன் கொடுத்தவர்கள் அடகுப் பங்கை விற்றார்கள். அடுத்த காலாண்டில் ப்ரமோட்டர் சதவீதம் குறைந்திருந்தது, அதற்கடுத்ததில் இன்னும். மகள் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் முக்கால்வாசி போச்சு. முதலாளி பெயரில் இருந்தாலும் அடகில் இருப்பது முழுசாக அவருடையது இல்லை. தயவுசெய்து வலது ஓரம்வரை போய்ப் பாருங்கள். ஃபோனில் பார்த்தால் அந்தக் கட்டம் திரைக்கு வெளியே நின்றுவிடும்.

நகரியிலிருந்து

நான் ஆந்திராக்காரன், வீட்டில் தமிழ். விசைத்தறி நாலு ஓடுகிறது. ஏர்டெல்லில் 40 பங்கு வைத்திருக்கிறேன். “அது மிட்டல் கம்பெனி” என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை. தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். “அண்ணா, நீ வச்சிருக்கிற கம்பெனியில எங்க ஊர் அரசாங்கத்துக்கும் பங்கு இருக்கு தெரியுமா?” என்று கேட்டான். நான் நம்பவில்லை.

தறியில் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போவது மாதிரிதான் போனேன். ஏர்டெல் அட்டவணையில் பெரிய பங்குதாரர் பாரதி டெலிகாம் என்ற இன்னொரு கம்பெனி, ஏறக்குறைய 40 சதவீதம். அதில் பாதிக்குப் பக்கம் சிங்கப்பூர் ஃபோன் கம்பெனியான சிங்டெல்லுடையது, மீதி மிட்டல் குடும்பத்தின் பக்கம். சிங்டெல்லின் பெரிய பங்குதாரர் டெமாசெக் என்ற முதலீட்டு நிறுவனம், அதில் பாதிக்கு மேல். டெமாசெக்கோ முழுக்க சிங்கப்பூர் நிதியமைச்சகத்துக்குச் சொந்தம். தம்பி சொன்னது சரிதான். முதல் அட்டவணையில் ஒரு கம்பெனி பெயரோடு நின்றிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. கம்பெனி பெயர் வந்தால் அதற்குள்ளும் ஒரு அட்டவணை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்தூரிலிருந்து (நம்ம பாலக்காடு சித்தூர்)

ஐ.இ.பி.எஃப்-இலிருந்து எடுத்துத் தர ஒரு ஏஜென்ட் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார். அப்பாவுடைய பங்கு. கொடுத்துவிடலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மறுபடியும்

சித்தூர் அண்ணா, கொடுக்காதீங்க. விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை. அலைச்சல் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆத்தாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் சிக்கல் பெயர். சான்றிதழில் பெயர் முடிவில் உள்ள ‘சாமி’க்கு இங்கிலீஷில் எஸ், ஏ, எம், ஒய். ஆதாரில் எஸ், டபிள்யூ, ஏ, எம், ஐ. ரேஷன் கார்டில் மலையாளத்தில் ‘ஸ்வாமி’. இறப்புச் சான்றில் இனிஷியலே இல்லை. நம் எல்லைக்காரர்கள் வீட்டில் நாலு காகிதத்தில் நாலு பெயர் இருக்கும், பயப்பட வேண்டாம். நாலும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்று தருவார்கள். அதை வாங்கினோம். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸில் கொடுத்து, கெசட்டில் அறிவிப்பு வந்து, ஆட்சேபணைக் காலம் முடியும்வரை காத்திருந்தோம். ஆத்தாவுக்குப் புதிதாக பான் கார்டும், பங்கைக் காகிதமில்லாமல் வைக்கும் டீமேட் கணக்கும் எடுத்தோம். பிள்ளைகள் மூன்று பேரும் அம்மா பெயருக்கே வரட்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். திருப்பூரில் இருக்கும் சின்னவர் ஒரு நாள் கூலியை விட்டு வந்தார்.

கம்பெனியின் பங்குக் கணக்கைப் பார்க்கும் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதி, உரிமைக் கடிதம் வந்த பிறகுதான் ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தை இணையத்தில் போட வேண்டும். ரிஜிஸ்ட்ரார் இரண்டு தடவை காகிதம் போதாது என்று திருப்பினார்கள். ஒரு தடவை தப்பு என்னுடையதுதான். மங்கிய ஃபோலியோ எண்ணை மூன்று என்று எழுதியிருந்தேன். அது எட்டு.

போன வாரம் 150 பங்கும் ஆத்தா கணக்குக்கு வந்துவிட்டது. உடனே கூப்பிட்டுச் சொன்னேன், மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கம்பெனியின் புது அட்டவணையைத் திறக்கச் சொல்லி, “இதுல என்ற பேரு எங்க கண்ணு?” என்றார். பொதுமக்கள் பகுதியில் ஒரு சதவீதமாவது வைத்திருப்பவர்கள் பெயர்தான் தனியாக வரும் என்று சொன்னேன். முகமதிப்பில், அதாவது பங்கில் அச்சிட்ட விலைக் கணக்கில், ₹2 லட்சம் வரை வைத்திருக்கும் தனிநபர்கள் என்ற வரியைத் தேடி, அவர் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். “இத்தன லட்சம் பேரா?” என்று கேட்டார். “ஆமாங்க ஆத்தா, அடுத்த அட்டவணையில நீங்களும் இதுல ஒருத்தர்” என்றேன்.

பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, டிவிடெண்ட் எந்தப் பாஸ்புக்கில் வரும் என்று கேட்டார். கோயமுத்தூர் விலாசம் எங்கேயும் இல்லைதானே என்று மறுபடி கேட்டார். இல்லை, மாற்றியாச்சு.